கூட்டு வாட்ச்சும் நீ சொன்ன இரண்டு பொய்களும்

மாப்ள,

உன் வாட்ச் ஒரு வாரமாக என் மேசைமேல் குப்புறக் கிடக்கிறது. பச்சை வெளுத்து, பழைய பிளாஸ்டிக் வாளியின் நிறத்துக்கு வந்துவிட்டது. வாரில் இன்னும் உன் ஜீப்பின் டீசல் வாசனை அடிக்கிறது. அதன் எதிரே உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுகிறேன். எட்டு மாதத்துக்கு முன், அடிமாலி ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே உன் நெஞ்சு நின்றுவிட்டது என்று போன் வந்தபோதுகூட நான் இப்படி ஆடிப்போகவில்லை.

போன ஞாயிறு சர்ச் முடிந்து உன் வீட்டுக்காரி ஸ்டெல்லா நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். கைக்குட்டையில் சுற்றியிருந்த வாட்ச்சை மேசைமேல் வைத்தாள். பேட்டரி தீர்ந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். சின்னக்கானலில் யார் வாட்ச் நின்றாலும் என்னிடம்தானே வரும். பகலில் டீ பாக்டரியில் மெஷின் பிட்டர், சாயங்காலம் வீட்டில் வாட்ச் பிட்டர் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நீதான்.

அவள் வாயைத் திறப்பதற்குள் நான் ஒரு ரூபாய்க் காசை எடுத்துவிட்டேன். அந்த மாடலுக்குப் பின்பக்கம் வட்டமாக ஒரு சின்ன மூடி உண்டு. காசை வைத்துத் திருகினால் கழன்று வரும். திருகினேன். அசையவில்லை. அழுத்தித் திருகினேன். காசு வழுக்கி என் கட்டைவிரலில் கீறியது.

“திரும்பாதுண்ணே,” என்றாள் ஸ்டெல்லா. “அது மூடி இல்ல, மூடி மாதிரி அச்சு. டூப்ளிகேட்டு.”

டூப்ளிகேட்டை எப்படிக் கண்டுபிடிப்பது என்று நம் வாட்ச் பைத்தியங்களின் வாட்ஸ்அப் குழுவில் அரை மணி நேரம் பேசி ஆடியோ போட்டவன் நான். அதைக் கேட்டுவிட்டு, “வாத்தியாரே, அசத்திட்ட” என்று எழுதியவன் நீ. அப்போது உன் கையில் இருந்தது இதுதான்.

அந்த நாட்களை நினைத்துப் பார்க்கிறேன். நம்மைப் போன்றவர்கள் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று மட்டுமே பார்க்கக்கூடிய வாட்ச்சுகளைச் செய்கிற ஒரு பெரிய கம்பெனி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கட்டுகிற பிளாஸ்டிக் வாட்ச் செய்கிற ஒரு சின்னக் கம்பெனி. இரண்டும் சேர்ந்து, பெரிய வாட்ச்சின் அதே முகத்தை நமக்கு எட்டுகிற விலையில் கொண்டுவரப்போகிறார்கள் என்று செய்தி வந்ததும் குழுவில் ஒருவனுக்கும் வேலை ஓடவில்லை. ‘கூட்டு வாட்ச்’ என்று பெயர் வைத்தவன் நீ. கோயமுத்தூர்ப் பக்கத்துக் கோபாலபுரத்துத் தேங்காய் வியாபாரி நடராஜ் தினமும் காலையில் ஆடியோ போடுவார்: “ஏனுங்க, ஆளுக்கு ஒண்ணுதான் குடுப்பாங்களாமுங்க. ஊட்டுல இருக்கற அத்தன பேரையும் கூட்டிட்டுப் போயி நிக்க வேண்டியதுதானுங்க.”

நீயும் நானும் முந்தின நாளே எர்ணாகுளம் போய், லாட்ஜில் ஒரே கட்டிலில் படுத்து, விடிந்தும் விடியாமலும் கடைவாசலில் போய் நின்றோம். எனக்குப் பின்னால் நீ. இரண்டு மணி நேரம் போனதும் நான் டீ வாங்கப் போனேன். திரும்பி வந்து, கையில் இருந்த கிளாஸோடு உனக்குப் பின்னால் நின்றுகொண்டேன். முன்னால் போய் நிற்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, உனக்கும் தோன்றவில்லை. நாம் என்ன ரேஷன் கடையிலா நிற்கிறோம். கடைசியில் வாசலில் நின்ற ஆள் உன்னை உள்ளே விட்டுவிட்டு எனக்குக் குறுக்கே கையை நீட்டினான். “சேட்டா, ஸ்டாக் தீர்ந்நு.”

மூணாறு பஸ்ஸில் ஐந்து மணி நேரம். உன் மடியில் அந்தப் பை. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். நாற்பத்தாறு வயது மனுஷன், ஒரு பிளாஸ்டிக் வாட்ச்சுக்காக உன்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு நெஞ்சு எரிந்தது, அதுதான் உண்மை.

இரண்டு வாரம் கழித்து பாக்டரி கேட்டில் ஜீப்பை நிறுத்தி ஹாரன் அடித்தாய். உன் கையில் பச்சை வாட்ச். இன்னொரு கையில் பெட்டி பிரிக்காத பச்சை வாட்ச்.

“மச்சான் கோயமுத்தூர்ல நின்னு ஒண்ணு வாங்கிட்டான். இது ஒனக்கு. பேசாம வாங்கிக்க.”

நான் வாங்கிக்கொண்டேன். உன் மச்சான் கடை வரிசையில் நிற்கிற ஆளா என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. ஆசை கண்ணை மறைத்தது.

பிறகு ஓர் ஆறு மாதம் நாம் இருவரும் ராஜாக்கள். நடராஜுக்கே கிடைக்காத வாட்ச் நமக்குக் கிடைத்திருந்தது. ரோலர் ஓடுகிற இடத்தில் வாட்ச் கட்டக் கூடாது என்பதால் பாக்டரி வாசலில் ஒரு தட்டில் கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டும். நான் உள்ளே போகுமுன் அந்தத் தட்டை நாலு பேர் பார்க்கும்படி நகர்த்தி வைப்பேன். நீ டூரிஸ்டுகளை ஏற்றிக்கொண்டு மலை ஏறும்போது கையை வேண்டுமென்றே ஜன்னலுக்கு வெளியே போடுவாய் என்று நினைத்திருந்தேன். ஒருமுறை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுக்கலாம் என்று கேட்டேன். “கையெல்லாம் கிரீஸுடா” என்று நழுவிவிட்டாய். கடைசிவரை உன் வாட்ச்சை நீ என் கையில் கொடுக்கவே இல்லை.

பைத்தியம் தெளிந்த கதையும் உனக்குத் தெரியும். மாதத்துக்கு ஒரு புது நிறம் விட்டார்கள். முதலில் ஒவ்வொன்றுக்கும் குதித்தோம். பிறகு படத்தை மட்டும் பார்த்தோம். பிறகு அதையும் பார்க்கவில்லை. வரிசை போயிற்று. யார் வேண்டுமானாலும் கடைக்குள் போய் வாங்கலாம் என்றானதும் நடராஜுக்கே வேண்டாமாகிவிட்டது. காலையில் கையைப் படம் எடுத்துப் போடுகிற பழக்கம் நின்றது. ஸ்டீல் வாட்ச்சுதான் வாட்ச், பிளாஸ்டிக் எல்லாம் பிளாஸ்டிக்தான் என்று குழுவில் முதலில் எழுதியவன் நான். முதல் நாள் வரிசையில் நின்றவனும் நானே.

அதைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. உன் வாட்ச் வெளுக்கத் தொடங்கியது. ஜீப் ஓட்டுகிறவன், வெயில் படுகிறது. நான் அதை வைத்து ஒரு பிரசங்கமே செய்தேன்: பெரிய கம்பெனி பேரைக் கெடுத்துவிட்டது, ஒரு வருஷ வெயிலைத் தாங்காத சாயம், மாப்ள கையைப் பாருங்கள். என்னுடையது வெளுக்கவில்லைதான். அது பகலெல்லாம் தட்டில் கிடப்பதால் என்று நானே ஒரு விளக்கமும் கொடுத்தேன். இதுவும் ஒருநாள் வெளுக்கும், அதற்கு முன் தள்ளிவிட வேண்டும் என்று முடிவு செய்து, இனிமேல் எங்கும் வராத முதல் பச்சை என்று ஆசை காட்டி நடராஜிடம் விற்றேன். போலி வெளுத்ததைப் பார்த்து அசலை விற்றிருக்கிறேன், மாப்ள. இந்த மலையில் இப்படி ஒரு நிபுணன் இனி பிறக்கமாட்டான்.

உன்னிடம் சொன்னபோது நீ ஜீப்பின் டயரில் காற்று பார்த்துக்கொண்டிருந்தாய்.

“வித்துட்டியா?” என்றாய்.

“ஒன்னோடதயும் தள்ளிவிடுடா.”

“இது இருக்கட்டும்டா.”

அவ்வளவுதான் பேசினாய். அடுத்த டயருக்குப் போய்விட்டாய். அதன்பிறகு இரண்டு வருஷம் என்னோடு டீ குடித்தாய், என் மகளைக் காலேஜில் கொண்டுபோய் விட்டாய், எங்கள் வீட்டுக் கிணற்று மோட்டாரைத் தூக்கினாய். ஒருநாளும் உன் முகத்தில் நான் எதையும் பார்க்கவில்லை. எப்படி முடிந்தது உன்னால்?

மச்சான் யாரும் கோயமுத்தூரில் வரிசையில் நிற்கவில்லை என்று ஸ்டெல்லா சொன்னாள். “எர்ணாகுளத்துல வாங்குன ஒத்த வாட்ச்சு அதுதாண்ணே. எடம் அவனோடது, அதனால வாட்ச்சும் அவனோடதுன்னாரு. சும்மா குடுத்தா வாங்க மாட்டான், என் கையிலயும் ஒண்ணு இருந்தாத்தான் வாங்குவான்னு இந்த டூப்ளிகேட்ட வரவழைச்சாரு. நான் திட்டுனேன். பஸ்ஸுல அவன் மொகத்த நீ பாக்கலன்னாரு.”

நான் எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன், என்ன செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அவள் வந்த விஷயம் அது இல்லை என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

உன் மகள் ஜெனிக்கு நிச்சயதார்த்தம் வைத்திருக்கிறார்கள். போடிப் பக்கத்துப் பையன். மாப்பிள்ளை கையில் பெண்ணின் அப்பா வாட்ச் கட்ட வேண்டும் அல்லவா. அதைப் பற்றி வாங்கிய புதிதிலேயே நீ சொல்லி வைத்திருக்கிறாய்: கடையில் வாங்கக் கூடாது, நீ வரிசையில் நின்று வாங்கிய அந்த வாட்ச்சைத்தான் கட்ட வேண்டும், அன்றைக்கு என்னிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று. பிறகும் அவள் கேட்கும்போதெல்லாம், நான் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்றே சொல்லியிருக்கிறாய்.

“இத வச்சுக்கிட்டு அதக் குடுங்கண்ணே,” என்றாள் ஸ்டெல்லா. “குடுத்தத திருப்பிக் கேக்குறது தப்புதான். ஜெனிக்கு அப்பா நெனப்பா ஒண்ணு வேணும். டூப்ளிகேட்ட மாப்பிள்ளைக்குக் கட்ட முடியாதுல்ல.”

நான் விற்றதை நீ அவளிடம் சொல்லவே இல்லை. வீட்டில் என் மரியாதை போகக் கூடாது என்று நினைத்தாயா? ‘பத்திரமா வச்சிருக்கான்’ என்று அவளிடம் சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் என்னோடு வந்து டீ குடித்தாயா? “தர்றேன் தங்கச்சி” என்று வாய் சொல்லிவிட்டது.

அவள் படி இறங்கியதும் நடராஜுக்குப் போன் போட்டேன். கெஞ்சினேன். அவர் சிரித்தார். “அதுங்களா? அத இன்னும் யாருங்க கட்டறாங்க? ஊட்டுல பேரன் வெளையாண்டு ஒடச்சுப் போட்டானுங்க. வாரு மட்டும் எங்கயோ கெடக்கோணுங்க, வேணுமுங்களா?” அவர்மேல் தப்பில்லை. விற்ற பொருள். ஆனாலும் போனைக் கீழே வைக்க எனக்கு நேரம் பிடித்தது.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டு எர்ணாகுளம் போனேன். அதே கடை. வாசலில் ஆளே இல்லை. செருப்பைத் தேய்த்துக்கொண்டு நேராக உள்ளே போனேன். அதே பச்சை, கீழ்த்தட்டில், மூன்று நாலு சேர்ந்து கிடந்தது. முதல் பச்சை இனி வராது என்று நான் விற்றேனே, அதையும் திரும்ப விட்டிருக்கிறார்கள். எடுத்துக் கொடுத்த பெண் வேறு நல்லது காட்டட்டுமா என்று கேட்டாள். பின்மூடியைக் காசு வைத்துத் திருகிப் பார்த்தேன். கழன்று வந்தது. வாங்கினேன்.

திரும்பி வருகிற வழியெல்லாம் ஒரே கணக்கு. இதை அவளிடம் கொடுத்துவிட்டால் முடிந்தது. அசல்தான். நிறமும் அதுதான். யாராலும் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். நீ என்னிடம் செய்ததையே நான் அவளிடம் செய்தால் என்ன? நீ செய்தது எனக்காக உன்னுடையதை விட்டுக்கொடுத்து. நான் செய்யப்போவது என்னைக் காப்பாற்றிக்கொள்ள. நேரியமங்கலம் பாலம் தாண்டும்போது இது எனக்கு விளங்கியது.

புதன்கிழமை சாயங்காலம் உன் வீட்டுக்குப் போனேன். ஸ்டெல்லா பெட்டியைத் திறந்து பார்த்தாள். அவள் முகம் மலர்வதற்குள் சொல்லிவிட்டேன். இது அது இல்லை தங்கச்சி. அதை நான் விற்று இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவனுக்குத் தெரியும்.

அவள் திட்டுவாள் என்று நின்றேன். அழுவாள் என்றும் நினைத்தேன். அவள் வாட்ச்சின்மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள்.

“அவருக்குத் தெரியுமா?”

“வித்த அன்னைக்கே சொன்னேன்.”

“போறதுக்கு முந்துன மாசங்கூட, அவன் கண்ணாடிப் பொட்டியில வச்சிருக்கான்னு சொன்னாருண்ணே.” பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். “உங்களுக்கு வலிக்கக் கூடாதுன்னு ஒரு பொய். உங்களப் பத்தி நான் தப்பா நெனைக்கக் கூடாதுன்னு இன்னொரு பொய். இருவத்தி மூணு வருசம் கூட இருந்தவ நான். என்கிட்டயாவது உண்மையச் சொல்லியிருக்கலாம்ல.”

நீ போன பிறகு முதல்முறையாக எனக்கு உன்மேல் கோபம் வந்தது, மாப்ள. நீ என்னைத் தாங்கியதெல்லாம் அவள் தலையில் போய் விழுந்திருக்கிறது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் அன்றைக்கே நடராஜ் வீட்டுக்குப் போய்க் காலில் விழுந்து வாங்கிவந்திருப்பேன். உன் நல்ல மனசு எனக்கு அந்த வழியைக்கூட வைக்கவில்லை. இப்படி எழுதுகிறேனே என்று அழுகையும் வருகிறது.

நான் கிளம்பும்போது ஸ்டெல்லா பெட்டியை மூடி அலமாரிக்குள் வைத்தாள். டூப்ளிகேட்டை அவள் திருப்பிக் கேட்கவில்லை, நானும் பேச்செடுக்கவில்லை.

“ஞாயித்துக்கெழமை பதினோரு மணிக்கு. அவரு எடத்துல நின்னு நீங்கதான் மாப்பிள்ளைக்குக் கட்டணும். வேற ஆளு இல்ல,” என்றாள். சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

போகிறேன், மாப்ள. சட்டை தேய்த்து வைத்துவிட்டேன்.