கற்பூரத்தின் மேல் ஒரு ஓட்டு

1904 ஜனவரி 9
இன்று பதுளை அரசாங்கக் கச்சேரியில் லோக்கல் போர்டுக்கு முதல் ஓட்டுப் போட்டேன். வெள்ளைக்காரத் துரைக்கு முன்னால், யாருக்கு ஓட்டோ அவர் பெயரை வாய்விட்டுச் சொல்லவேண்டும். பஜாரிலிருக்கும் திருச்சிக்காரர்கள் அத்தனை பேரும் திருச்சிக்காரருக்கே சொன்னோம். யாழ்ப்பாணத்து வக்கீல் மயில்வாகனம் தோற்றார். கெட்டிக்காரர்தான்; ஆனால் நம் சீமை இல்லையே. ஐந்தாம் வகுப்போடு நின்ற என் மூளைக்கு இந்த நியாயம் போதும்.

1913 ஜனவரி 11
அதே மயில்வாகனம் இப்போது "நம்ம சாமி கும்பிடுறவர்" ஆகிவிட்டார். எதிரே நிற்பவர் முஸ்லிம்; அதனால் யாழ்ப்பாணம் திருச்சிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. நானும் அவருக்கே சொன்னேன். வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன்.

1922 ஜனவரி 3
ஒன்பது வருஷமாக மயில்வாகனம் போர்டில் உட்கார்ந்திருக்கிறார். எங்கள் கடை வரிசைக்குக் குழாய்த் தண்ணீர் கேட்டு மனுவோடு நடந்தவர் எண்ணெய்க்கடை ஜுனைதீன். இந்த முறை அவர் நிற்கிறார். கோயில் தருமகர்த்தா வைரவநாதன் எங்களைக் கூப்பிட்டு, எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அடிக்கவைத்து, மயில்வாகனத்துக்கே ஓட்டு என்று சத்தியம் வாங்கினார். என் முறை வந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். சாமி முன்னால் பொய் சொல்லமாட்டேன் என்றேன்.

"அப்ப உம்ம மக கல்யாணம் இந்தக் கோயில்ல நடக்காது."

வீட்டு வாசல்வரை வீரன். மனைவி வள்ளியம்மை முகத்தைப் பார்த்ததும் — என்ன செஞ்சிட்டேன்? பத்திரிகைகூட அடிச்சாச்சே.

1922 ஜனவரி 5
மகள் ராமலட்சுமி சொன்னது: "எனக்காகப் பேரை மாத்திச் சொல்லிட்டு வந்து நிக்காதீங்கப்பா."

1922 ஜனவரி 7
கச்சேரி வாசலில் வைரவநாதன் நின்றார். ஜுனைதீன் என்றேன், எனக்கே கேட்கவில்லை. உரக்கச் சொல் என்றார் துரை. சொன்னேன், தேவைக்கு மேலேயே. ஜுனைதீன் தோற்றார். கோயில் பக்கத்திலிருந்து அவருக்கு விழுந்தது ஒரே ஓட்டு. யாருடையது என்று ஊர் விசாரிக்க வேண்டியதில்லை.

1922 ஜனவரி 27
கல்யாணம் முடிந்தது. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில். என் கடையில் துணி எடுக்கும் கங்காணி அழகையா, செய்தி கேட்டுத் தானே வந்து கூப்பிட்டார். தருமகர்த்தா உங்களையும் பகைப்பாரே என்றேன்.

"எங்களுக்குத்தான் ஓட்டே இல்லீங்களே. எதைக் கேட்டு மெரட்டுவாரு?"

லயத்து வீடுகளிலிருந்து கூலிச் சனம் முழுக்க வந்தது. தோட்டத்துக் கோயிலா என்று முகம் சுளித்த சம்பந்தி, பந்தியில் சரியானார். கடைசிப் பந்திக்கு வைரவநாதனின் தம்பி லிங்கம் மூச்சிரைக்க மலையேறி வந்தார். தனியாகத்தான். இலை போட்டோம். பாயசம் வந்ததும் தலை நிமிராமல் கேட்டார்:

"அடுத்த தடவையும் அந்த ஜுனைதீன் நிப்பாருல்ல?"