பூவின் அடிப்புறம்

மதுரை,
9.3.1936

மகளுக்கு,

உன் கடிதத்தை அடுப்பில் போட்டேன் என்று ஊரில் சொல்வது பொய். "பெத்த மக கடுதாசியப் பிரிக்காமயே எரிச்சுப்புட்டாகளாம்ல" என்று பக்கத்து வீட்டுச் சோலையம்மாள் என் காதுபடவே சொன்னாள். நான் அதை இரண்டு முறை படித்தேன். நீ அதோடு தாள்களில் ஒட்டி அனுப்பிய மூன்று கொடைக்கானல் பூக்களையும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன்.

இரண்டுக்கு நீ எழுதிய பெயர் தவறு. சாமந்திக் குடும்பத்தில் ஒரு பூவாகத் தெரிவது நூறு சிறு பூக்களின் கூட்டம். பெயர் சொல்லும் முன் அதைத் திருப்பி, அடியில் உள்ள பச்சைச் செதில்களைப் பார்க்க வேண்டும் என்று உன் பத்து வயதில் சொல்லிக்கொடுத்தேன். நீ முகத்தை மட்டும் பார்த்தாய். அந்த எஸ்டேட் கிளார்க்கையும் அப்படித்தான் பார்த்தாய். இப்போது அவன் விட்டுப் போய்விட்டான், குழந்தையோடு வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்கிறாய்.

உன் அறையில் நான் செடிகளை உலர்த்தி ஒட்டிய தாள்களை அடுக்கியிருக்கிறேன். அங்கே ஆள் புழங்க முடியாது.

நீ அனுப்பிய மூன்றாவது தாளின் ஓரத்தில் சின்ன விரல்களின் மை படிந்திருக்கிறது. இனிமேல் பிள்ளையைத் தொட விடாதே. அந்தத் தாளைத் தனியே வைத்திருக்கிறேன்.

அதில் ஒட்டிய மஞ்சள் பூவின் செடியில் தண்டை ஒடித்தால் பால் வருகிறதா என்று பார். பதிலைக் கடிதத்தில் எழுது, நேரில் கொண்டுவராதே.

இப்படிக்கு,
உன் தாய்