விளக்கோடு நின்ற கிழவி

1974 மார்ச் 9, சனி

மழை. உடுப்பு ஒன்றும் காயவில்லை. கிழமை முழுக்க ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் ஊரார் இரத்தத்தைப் பார்த்துவிட்டு, சனிக்கிழமையாவது படுத்துக் கிடக்கலாம் என்றால் அண்ணா வந்து நிற்கிறார். மொஸ்கோவில் படித்து வாங்கிய என் டொக்டர் பட்டம் இந்த நாட்டில் செல்லாது. அங்கே பழகிய ரஷ்ய மொழிக்கு மட்டும் இன்றைக்கு ஆள் வந்திருக்கிறது.

அண்ணா முகம் வழித்து, சேர்ட் மினுக்கிப் போட்டிருந்தார். மனைவி கமலினி மச்சாள் அவரை விட்டுப் பிள்ளைகளோடு மெல்பேணுக்குப் போனபோதுகூடக் குடியை விடாத மனிதன், இந்தத் தை மாதத்திலிருந்து தொடவில்லை. பிளாக்டவுனில் ஒரு சேர்ச்சில் ஒரு ரஷ்யன் தான் மனந்திரும்பிய கதையைச் சாட்சியாகச் சொல்லக் கேட்டாராம். கப்பலிலிருந்து தப்பி வந்தவன், பெயர் விக்தர். அவன் கதையைப் புத்தகமாகப் போடப் போகிறார்கள். அதற்குள் ஒரு பத்திரிகைக்காரன் இதெல்லாம் உண்மையா என்று போதகரிடம் கேட்டுவிட்டான். ரஷ்ய மொழி தெரிந்த ஆள் வேண்டும்.

“நீதான் வதனா பாக்கவேணும். நீ உண்மையெண்டு சொன்னா ஒருத்தரும் வாய் திறக்கேலாது.”

“பொய்யா இருந்தா?”

“விசர்க்கதை கதையாதை.”

எனக்கேன் இந்த வேலை? ஆனால் அந்தச் சேர்ட்டைப் பார்த்த பிறகு முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

மார்ச் 17, ஞாயிறு

கேட்டேன். அவன் ரஷ்ய மொழியில் சொல்ல, நான் பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அங்கே பொல்தாவா என்ற ஊரில் புல்டோசர் ஓட்டியவனாம். பாப்டிஸ்ட் கிறிஸ்தவர்கள் களவாக நடத்திய ஜெபவீட்டை இடிக்க அரசாங்கக் கட்டளை வந்தது. உள்ளே சுவாமி படத்துக்கு முன்னால் எரிந்த விளக்கைத் தூக்கிக்கொண்டு ஒரு கிழவி வாசலில் வந்து நின்றாள். இவன் நிறுத்தவில்லை. அவள் செத்துப்போனாள். இடிபாட்டுக்குள் விளக்கு மட்டும் அணையாமல் எரிந்ததாம்.

சபை முழுக்க அழுதது. விளக்கு என்றதும் நானும் ஒரு வசனத்தைத் தவறவிட்டேன். அதை மொழிபெயர்ப்பாளரின் களைப்பென்று நினைத்திருப்பார்கள்.

ரயிலில் அண்ணா சொன்னார்: “ஒரு கிழவியைக் கொன்றவனையே கடவுள் மன்னிச்சிட்டார் எண்டா என்னை மன்னிக்க மாட்டாரோ?” இதில்தான் நிற்கிறது அவருடைய குடிக்காத இரண்டு மாதமும்.

மார்ச் 18, திங்கள்

கால் வலி. வேறொன்றும் எழுத இல்லை.

மார்ச் 30, சனி

விக்தரோடு மூன்றாம் தடவை கதைத்தேன். பள்ளிக்கூடம், பாண் வாங்க வரிசையில் நிற்பது, விடுதிக் காவல்காரியின் ஏச்சு என்று எல்லாம் நான் கண்ட நாடுதான். பிழை பிடிக்க ஒன்றுமில்லை. போதகர் வில்மட்டிடம் அப்படியே சொன்னேன். மனிதர் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அண்ணா எனக்கு ஒரு பெட்டி மாம்பழம் வாங்கி வந்தார். பாதி அழுகல்.

ஏப்ரல் 6, சனி

சும்மா இருந்திருக்கலாம். ஒரு பேச்சுக்கு என்று கபிரமாட்டாவில் எனக்குப் பழக்கமான லிடியா பாவ்லோவ்னாவைப் பார்க்கப் போனேன். பல் வைத்தியரின் விதவை, பொல்தாவாவில் பாப்டிஸ்ட் குடும்பத்தில் பிறந்தவர். அவர் ஊர் ஜெபவீட்டின் கதை என்றால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

விளக்கு வந்த இடத்தில் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

“படமா? எங்கள் ஜெபவீட்டிலா?”

“ஓம், படத்துக்கு முன்னால்...”

“பிள்ளாய், நாங்கள் படம் வைப்பதில்லை. விளக்கும் ஏற்றுவதில்லை. அதெல்லாம் பழைய திருச்சபைக்காரர் செய்வது. என் தகப்பனார் அதற்காகவே அவர்களை விட்டு வந்தவர். அந்த வீட்டுக்குள் இவன் கால் வைத்ததே இல்லை.”

எனக்கு முகம் சுட்டது. மூன்று தடவை கேட்டும் எனக்கு ஏன் உறைக்கவில்லை? எங்கள் வீட்டில் கும்பிடுவதென்றால் படமும் விளக்கும்தான். சாமி அறையில் விளக்கு இருந்தது என்று ஒருவன் சொன்னால் எந்தச் சைவப்பிள்ளை சந்தேகப்படும்? நாலு சுவரும் ஒரு புத்தகமும் மட்டும் என்று சொல்லியிருந்தால்தான் நம்பியிருக்க மாட்டேன்.

ஏப்ரல் 8, திங்கள்

அண்ணாவுக்குச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டால் என்ன? புத்தகம் வந்துவிடும். இன்னும் எத்தனை பேர் அந்தக் கிழவிக்காக அழுவார்கள். இல்லாத கிழவி.

ஏப்ரல் 13, சனி

நாளைக்கு ஈஸ்டர். சேர்ச் பின்னறையில் விக்தர் கதிரை துடைத்துக்கொண்டிருந்தான். ரஷ்ய மொழியில் நேராகவே கேட்டேன். அவன் மறுக்கவில்லை. களைத்த மனிதன் பாரம் இறக்கியது மாதிரி இருந்துவிட்டான்.

புல்டோசர் ஓட்டத் தெரியாது. கப்பல் குசினியில் உருளைக்கிழங்கு உரித்தவன். தப்பி வந்து போக இடமில்லாமல் இந்த வாசலில் குந்தியிருந்தபோது, ஒரு கிழவி சூப்பும் காலுறையும் கொண்டுவந்து கொடுத்து, அவன் சொல்வது ஒரு சொல்லும் விளங்காமலே பொழுதுபடும்வரை பக்கத்தில் இருந்தாளாம். அன்றைக்குத்தான் நம்பத் தொடங்கினானாம்.

“முதல் தடவை இதைத்தான் சொன்னேன். ஒருவரும் அழவில்லை. அவ்வளவுதானா என்று கேட்டார்கள்.”

கோபிக்கத்தான் போனேன். கோபம் வரவில்லை.

ஏப்ரல் 16, செவ்வாய்

போதகரிடம் சொன்னேன். புத்தகம் நின்றது. விக்தரை மெல்பேணில் ஒரு தளபாடக் கடை வேலைக்கு அனுப்புகிறார்களாம். எனக்கு நன்றி சொன்னார்கள். மரண வீட்டில் பெட்டி செய்தவனுக்குச் சொல்வது போல.

ஏப்ரல் 20, சனி

அண்ணாவுக்குச் சொன்னேன். முழுவதும் கேட்டார்.

“அப்ப... அவன் ஒருத்தரையும் கொல்லேல்லையோ?”

“இல்லை அண்ணா.”

“ஒருத்தரையும்?”

“உருளைக்கிழங்கு உரிச்சவன். அவ்வளவுதான்.”

நல்ல செய்தி சொன்னது போலத்தான் சொன்னேன். அவர் முகம் விழுந்துவிட்டது. “உருளைக்கிழங்கு உரிச்சவனை மன்னிக்கிறது பெரிய வேலையே?” என்று கேட்டுவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தேத்தண்ணீர் அப்படியே இருந்தது.

மே 5, ஞாயிறு

டூங்கபி ரயில் ஸ்ரேசன் வாங்கில் குடித்துவிட்டுக் கிடந்த அண்ணாவை ஒரு பொலிஸ்காரப் பெடியனும் நானும் ஏற்றி வந்தோம். மணம். அந்தப் பழைய மணம். அழுதார், சத்தி எடுத்தார், அம்மாவைக் கூப்பிட்டார். நான்தான் செய்தேன். நான்தான்! உண்மை, உண்மை என்று துள்ளிப் போய்... ஆருக்கு வேணும் இந்த உண்மை? எனக்கே வேண்டாம். இனி ஒண்டையும் கிண்டமாட்டன்.

மே 22, புதன்

குடிக்கிறார். வேலைக்கும் போகவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

அண்ணா தானாக வந்தார். முகம் வழித்திருந்தார். ஒரு மாதிரி நிதானம். வெள்ளிக்கிழமைகளில் போதகர் ஒரு சின்னக் கூட்டம் வைக்கிறாராம். அதில் எழும்பித் தன் கதையைச் சொன்னாராம்.

“சொல்லுற கிழமை குடிக்க மனம் வரேல்லை, வதனா. சொல்லாட்டி கை நடுங்குது.”

“அப்ப சொல்லுங்கோவன்.”

“ஆக்கள் அழுகினம்,” என்றார். சின்னப்பிள்ளை போலச் சொன்னார். சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தேன். இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டார். எனக்கும் நித்திரை வந்தது.

ஓகஸ்ட் 18, ஞாயிறு

செவன் ஹில்ஸில் பெரிய கூட்டம். அண்ணா மேடையில். முதல்முறை நான் கேட்கிறேன்.

குடித்துவிட்டுக் கமலினியை அடித்தாராம். கொட்டும் மழையில், கைப்பிள்ளையோடு, தலைமயிரில் பிடித்து றோட்டில் தள்ளினாராம். அவள் திரும்பிப் பார்த்து, “நான் உங்களை மன்னிக்கிறன்” என்றாளாம்.

மச்சாள் போன அன்றைக்கு நல்ல வெயில். பெட்டியை ராக்சிக் காருக்குத் தூக்கிக் கொடுத்தவள் நான். அண்ணா முன்னறைக் கதிரையில் வாயைத் திறந்தபடி நித்திரை. அவர் ஒரு நாளும் அவள் மேல் கை வைத்ததில்லை. எழுப்பிச் சொல்லட்டா என்று நான் கேட்டதற்கு, வேண்டாம், பாவம், நித்திரை கொள்ளட்டும் என்றுதான் அவள் சொன்னாள்.

சபை அழுதது.

பிறகு தேத்தண்ணீர் மேசையில் போதகர் வில்மட் என்னைத் தனியே அழைத்தார். குரலைத் தாழ்த்தினார். “போன தடவைக்குப் பிறகு நான் கேட்காமல் இருக்க முடியாது. உங்களுக்கு விளங்கும். நீங்கள் அந்த நேரம் அங்கே இருந்தவர். உங்கள் சொல் எனக்குப் போதும்.”

அண்ணா பிஸ்கட் தட்டோடு கொஞ்சம் தள்ளி நின்றார். எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டுப் பிடித்த கையில் நடுக்கம் இல்லை.

“ஓம்,” என்றேன். “எல்லாம் அவர் சொன்னபடிதான்.”

அண்ணா வந்து தட்டை நீட்டினார். ஒன்று எடுத்தேன்.