மாடி வீடு

மார்ச் 4
என்னோடு வேலைக்கு வரும் வெல்டர் சொல்லும் தேதிதான் இப்போது ஊருக்கே காலண்டர். நான்கு என்கிறார், எழுதிவிட்டேன். காய்ச்சல் வந்து ஊர் பாதிக்கு மேல் காலியான பிறகு எனக்கு வாய்த்தது பூட்டு உடைக்கும் வேலை. ஆளில்லாத வீடுகளைத் திறந்து, கூட்டிப் பெருக்கி, எங்கெங்கிருந்தோ நடந்து வருகிறவர்களுக்குக் கொடுக்கிறோம். இன்று எங்கள் தெரு முடிந்தது. மிச்சம் என் தலைக்கு மேலே இருக்கும் மாடி வீடு ஒன்றுதான். அண்ணனும் அண்ணியும் இருந்த வீடு. அண்ணியின் அம்மாவைப் பார்க்கப் போனார்கள். அதோடு காய்ச்சல் என்று சாலையை அடைத்துவிட்டார்கள்.

"அதையும் தொறந்துரலாமாம்மா?" என்றார் வெல்டர்.

"அவங்க வருவாங்க."

அவர் சுத்தியலைப் பையில் போட்டுக்கொண்டார். ஏதாவது சொல்லியிருந்தால் சண்டையாவது பிடித்திருப்பேன்.

மார்ச் 6
உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது. எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை.

மார்ச் 9
விடாத மழை. படிக்கட்டுக்குக் கீழே ஒரு குடும்பம் ஒதுங்கியிருக்கிறது: தையல்காரர், அவர் மனைவி, தவழுகிற பெண் குழந்தை. என் ஒற்றை அறைக்குள் கூப்பிட்டேன். "உங்களுக்கே எடம் இல்லியேக்கா" என்றாள் அவள். குழந்தை இருமுகிறது. கதவைச் சாத்தினாலும் கேட்கிறது. ஊரான் வீட்டுப் பூட்டையெல்லாம் உடைச்ச கைதானே இது? இப்ப மட்டும் என்ன கேடு வந்துச்சு? அண்ணா, எங்கதான் இருக்க நீ?

மார்ச் 10
திறந்துவிட்டேன். அண்ணியின் துணிமணிகளை மூட்டை கட்டிக் கீழே கொண்டுவந்தேன். தையல்காரர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

மார்ச் 21
அண்ணி வந்துவிட்டார். தனியாக.

பாதமெல்லாம் வெடிப்பு. கேட்டுக்குள் நுழைந்ததுமே நிமிர்ந்து மேலே பார்த்தார். பால்கனியில் குழந்தைத் துணி காய்ந்துகொண்டிருந்தது.

"நான்தான் அண்ணி விட்டேன். இப்பவே காலி பண்ணச் சொல்றேன்."

"புள்ளைய வச்சுக்கிட்டு எங்க போவாங்க? பேசாம இரு."

அண்ணனின் கைக்கடிகாரம் அவர் கையில் இருந்தது.

மார்ச் 22
அண்ணி என் பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நான் அறைக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன்.

"உக்காரேன். பாக்கவே தல சுத்துது."

உட்கார்ந்தேன். அப்புறம் அவரே சொன்னார். திரும்பி வரும் வழியில், ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம். காய்ச்சல்தான். "உன் பேச்சாவே இருந்தாரு. தனியா என்ன பண்றாளோ, என்ன பண்றாளோன்னு..."

இரண்டு பேரும் அழுது தீர்த்தோம். தீர்ந்ததா, தெரியவில்லை.

மார்ச் 25
மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். மேலே தையல்காரர் ஜன்னலோடு மல்லுக்கட்டும் சத்தம். டொக், டொக். அண்ணி கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். சட்டென்று கையைக் கழுவிக்கொண்டு படியேறினார்.

"இழுத்தா வராதுங்க. லேசாத் தூக்கிட்டுத் தள்ளுங்க" என்று அவர் குரல் கேட்டது. ஜன்னல் திறந்தது. குழந்தை என்னவோ கத்தியது; அண்ணியும் பதிலுக்கு என்னவோ கத்தினார்.

இன்னும் இறங்கி வரவில்லை. சாப்பாடு ஆறிப்போய்விட்டது. நான் கூப்பிடவில்லை.