தள்ளும் கை, இழுக்கும் கை

மார்ச் 3, காலை 07.30
நிலா, பனிச்சுரங்கக் குடியிருப்பு. எழுதுவது பெனிட்டா, பத்தாம் வகுப்பு. காற்றழுத்தம் சரி. அப்பாவுக்குக் குடியை மறக்கவைக்கும் கணினிப் பயிற்சி இன்று தொடங்கியது. திரையில் மது பாட்டில் படம் வந்தால் நெம்புகோலைத் தள்ள வேண்டும். படம் சுருங்கி மறையும். பழச்சாறு வந்தால் இழுக்க வேண்டும், படம் பெரிதாகும். யோசிக்கும் முன்பே கை பழகிவிடுமாம். குடித்தால் அப்பா அம்மாவை அடிப்பார். போன மாதம் அவள் முன்பல் போயிற்று. அதற்காகவே பயிற்சியை நான் கவனித்துக்கொள்கிறேன்.

மார்ச் 5, மாலை 18.00
அப்பா சிரித்தே கெடுக்கிறார்.
"ஏட்டி, நான் என்னைக்கு பாட்டில்ல குடிச்சேன்? நம்ம சரக்கு சில்வர் டம்ளர்லல்லா வரும்!"
உண்மைதான். பழக்கமான படங்களே நல்லது என்று கையேட்டில் படித்தேன். மேசையில் வைத்தால் டம்ளரில் வெளிச்சம் தெறித்தது. அம்மாவைப் பிடிக்கச் சொல்லிப் படமெடுத்தேன்.
"மூஞ்சி விழாம எடு பிள்ள, பல்லு இல்ல."
படத்தில் டம்ளரோடு அவள் கையும் வளையலும் மட்டும் விழுந்தன. பழச்சாறுப் பையை நான் பிடித்தேன்; அம்மா படமெடுத்தாள். இனி பயிற்சியில் இந்தப் படங்கள்தான்.

மார்ச் 24, மாலை 19.15
வெற்றி! கூட்டாளிகள் நீட்டிய டம்ளரை அப்பாவின் கை தானாகத் தள்ளியதாம்.
"கை எனக்கு முந்திக்கிட்டுப் போவுதுட்டி!"
அம்மா பாடிக்கொண்டே கருவாட்டுக் குழம்பு வைத்தாள்.

மார்ச் 27, மாலை 16.40
அப்பா வேலை முடிந்து வந்தார். வெளியிலிருந்து வருபவருக்கு முதலில் தண்ணீர் கொடுப்பது எங்கள் வழக்கம். அம்மா டம்ளரை நீட்டினாள். அப்பாவின் கை அவள் நெஞ்சில் பாய்ந்தது. இங்கே எடை குறைவு; அம்மா பறந்துபோய் இரும்புக் கதவில் மோதினாள். விலா எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.
அப்பாவுக்கு மூச்சுச் சோதனை செய்தேன். மது இல்லை. ஒரு துளிகூட இல்லை.

17.20
அப்பா அழுதார். அம்மா வெறுங்கையால் அவர் தலையைத் தடவப் போனாள். டம்ளர் இல்லை. வளையல் மட்டும். மறுபடி தள்ளினார். அம்மாவின் நெற்றி பிளந்தது. சுவரெல்லாம் ரத்தம்.
அப்பா அம்மாவைப் பார்த்து அலறினார்: "ஜெசிந்தா, கிட்ட வராத! கை நிக்க மாட்டேங்குது!"
படத்தில் அவர் தள்ளப் பழகியது டம்ளரை மட்டுமல்ல. அந்தக் கையையும்தான்.
மருத்துவ நிலையம்: "வண்டி கிளம்பிட்டு. பள்ளத்தைச் சுத்தித்தான் வரணும். அவரைப் பிரிச்சு வைங்க."
நான் தடுக்கப் போகிறேன்.

17.35, குரல் பதிவு
எழுத முடியவில்லை. குறுக்கே கையை நீட்டினேன். பழச்சாறுப் படங்களில் இருந்த கை. அப்பா இழுத்துவிட்டார். நெஞ்சோடு சேர்த்து இறுக்குகிறார். விட முடியவில்லை என்று கதறுகிறார். என் தோள் கழன்றுவிட்டது. மூச்சு... பாதிதான் வருகிறது.
அம்மா எழுந்துவிட்டாள். ஊர்ந்து வருகிறாள். என்னைப் பார்க்கவில்லை. அப்பாவின் கண்ணுக்கு நேராக வளையலை ஆட்டுகிறாள்.
"இந்தா மனுஷா, இங்க பாரு. அவள விட்டுட்டு என்னையத் தள்ளு."
அம்மா, வேண்டாம். பின்னால் இரும்புக் கத