மூன்று அக்காக்களும் ஒரு தலையணையும்

1981 நவம்பர், செவ்வாய் இரவு

பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு வந்தால் யார் என்ன செய்ய வேண்டும் என்று இன்று காலை வார்டில் ஓர் ஒத்திகை வைத்தேன். நோயாளி ஒரு தலையணை. ரத்தத்துக்கு பீட்ரூட் வேகவைத்த தண்ணீர். "அக்கா, ஊசி" என்று நான் கத்தியதும் மூன்று நர்சுகளும் மருந்து அலமாரிக்கு ஓடினார்கள். தலையணை தனியாகக் கிடந்து நனைந்தது. மூவருமே என்னைவிட மூத்தவர்கள். மூவருமே எனக்கு அக்கா.

"பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க டாக்டரம்மா," என்றார் ரோஸி அக்கா. "உசுரு இழுத்துக்கிட்டுக் கெடக்கையில மரியாதை எதுக்கு?"

மறுபடி செய்தோம். ரோஸி என்று தொடங்கி அக்காவில் முடித்தேன். எனக்கே எரிச்சலாக வந்தது. மூன்றாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு வெறும் பேரை மட்டும் சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் பூம்பாறையிலிருந்து பூண்டு ஏற்றும் ஜீப்பில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். வீட்டிலேயே குழந்தை பிறந்து, ரத்தம் நிற்கவில்லை. இந்த மூடுபனியில் மலையிறக்கி மதுரைக்கு அனுப்ப முடியாது.

"ரோஸி, ஊசி. பாக்கியம், டிரிப் போடுங்க. சுபைதா, அடிவயித்த விடாம தேய்ங்க."

யாரும் யார் மேலும் இடித்துக்கொள்ளவில்லை. ரத்தம் நின்றது. அவள் கண் திறந்து, "புள்ள எங்க?" என்றாள். இதைவிட மோசமாக ஒன்று வந்தால்... வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் நால்வரும் டீ குடிக்க உட்கார்ந்தோம். "அக்கா, சீனி" என்றேன்.

மூன்று பேரும் எழுந்தார்கள்.