சீட்டு வந்தது, மருந்து வரவில்லை

மார்ச் 3, செவ்வாய்
தொண்டை டாக்டர் இன்றும் அதையேதான் சொன்னார். "இனிமே மைக் வேண்டாம் சார். இருக்கிற குரலும் போயிடும்." எங்கள் ஜோடி நடனக் கூடத்தில், பாட்டு ஓடும்போது அடுத்த அடி என்னவென்று ஆடுகிறவர்களுக்கு அரை நொடி முன்னால் மைக்கில் சொல்வது என் வேலை. 'இடக்கால் பின்னே, சுற்று, கை மாற்று.' வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து பதினொரு வருஷமாகப் புதன்தோறும். மற்ற ஆறு நாளும் நான் யாரோடும் பேசுவதில்லை என்று அவரிடம் சொல்லவில்லை.

மார்ச் 4, புதன்
இனி எனக்குப் பதில், எங்களோடு ஆடும் மருந்துக்கடைக்காரம்மா அடி சொல்வார். என் கணினியில் நான் எழுதி வைத்திருக்கும் அறுபத்திரண்டு நடனங்களையும் அவருக்கு மாற்றித் தர வேண்டும். "அவசரமே இல்ல சார். அடுத்த புதனுக்குள்ள குடுத்தா போதும்."

மார்ச் 6
பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன். பதினொரு வருஷம் — இரண்டே நிமிஷம்.

மார்ச் 7
போன். "சார், சீட்டு வந்துடுச்சு, மருந்தைக் காணோம்."

திரையில் அடிகள் தெரிகின்றனவாம், பாட்டு வரவில்லையாம். உடனே புரிந்துவிட்டது. நடனக் கோப்புக்குள் பாட்டு இருக்காது. அது எங்கே இருக்கிறது என்ற விலாசம்தான் இருக்கும், அதுவும் என் கணினியின் விலாசம். 'புத்தகம் வீட்டு அலமாரியில இருக்கு சார்' என்று வெறுங்கையோடு வகுப்புக்கு வருகிற பையன் மாதிரி. மென்பொருளில் 'பொட்டலம் கட்டு' என்று ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் அடி, பாட்டு, வேகம் மூன்றும் ஒரே கோப்பாகிவிடும்.

சொன்னேனா? "பார்க்கறேம்மா" என்றேன். இருபது நிமிஷம் பேசிக்கொண்டிருந்தோம்.

மார்ச் 8
மூன்று நடனம் மட்டும் கட்டி அனுப்பினேன். நன்றி சொல்லப் போன் வந்தது.

மார்ச் 9
இன்னும் நான்கு. போன் வந்தது.

மார்ச் 10, செவ்வாய்
"வேளைக்கு மூணு நாலுன்னு குடுத்தா கோர்ஸ் எப்ப சார் முடியும்?"

நானும் சிரித்தேன். போனை வைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. என்ன பண்றேன் நான்? முப்பத்தைந்து வருஷத்தில் ஒருநாளாவது பாடத்தைப் பாதியில் மறைத்து வைத்தேனா? நாளைக்குப் பதினாறு பேர் அந்தக் கூடத்துல பாட்டில்லாம நிக்கணுமா, நான் தனியா இருக்கேங்கறதுக்காக?

மிச்சம் ஐம்பத்தைந்தையும் ஒவ்வொன்றாகக் கட்டினேன். திறந்து கேட்டுச் சரிபார்த்து, சாயங்காலம் கடையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

போன் இல்லை. எதற்கு வரும்?

மார்ச் 11, புதன்
கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பாட்டு எல்லாம் ஒழுங்காக வந்தது. மருந்துக்கடைக்காரம்மா மைக்குக்குப் போய்விட்டதால், அவரோடு ஜோடியாக ஆடும் நாத்தனார் தனியாக நின்றார். "வாங்க சார். எழுதினவருக்கே அடி தெரியாதா?"

தெரியாது. மைக்கை விட்டு ஒருநாளும் நகர்ந்ததில்லையே. 'இடக்கால் பின்னே' என்றபோது வலக்காலை வைத்தேன். பாட்டை நிறுத்தாமலே மைக்கில், "சாருக்காக இன்னொரு தரம். இடக்கால்."

மார்ச் 12
கெண்டைக்கால் இரண்டும் பிடித்துக்கொண்டன. தைலம் வாங்கக் கடைக்குப் போனேன். அந்தப் பொத்தானைப் பற்றி முதல் நாளே எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

"அது என் திரையிலயும் இருக்கு சார்" என்றார், பில் எழுதிக்கொண்டே. "தினம் ரெண்டு வேளை தடவுங்க. புதனுக்குள்ள சரியாயிடணும்."